ராஜாவா, ஏஸா

குருஜியோண்ட்ஸ் படகுக் கழகத்தின் மாடி.
ஜன்னலுக்குக் கீழே விஸ்துலா, உறைந்தும் உறையாமலும்.
வியாழன் மாலை ஆறரைக்கு
ஹால்ஷ்கா ஒரு பென்சிலோடு வந்தாள்,
மருந்துக்கடையின் நீல அங்கியைக்கூடக் கழற்றாமல்.

"பேசி முடித்துவிட்டு ஆடலாம், ஸெனோன்" என்றாள்,
வாடகை வீட்டுக்கு முன்பணம் பேசுகிறவள் மாதிரி.

இருவருக்கும் நடுவே ஓர் அட்டை:
எது கையில் இருந்தால் எதை முதலில் இறக்குவோம்.
எதிரணி எடுத்துப் படிக்கலாம்,
கேட்டால் சொல்லியாக வேண்டும்.
ஊரறிந்த பாஷை;
அதில்தான் நாங்கள் குசுகுசுத்துக்கொள்ள வேண்டும்.

நீளமான இனத்தில் மேலிருந்து நாலாவது என்றேன்.
மூன்றாவது அல்லது ஐந்தாவது என்றாள்.
துருப்பு ஆட்டத்துக்கு அவளுடையது,
துருப்பில்லா ஆட்டத்துக்கு என்னுடையது.
சண்டையில்லாமல் முடிந்தது அது ஒன்றுதான்.

உருப்படாத மூன்று சீட்டு, எட்டு ஆறு இரண்டு?
"முதலில் நடு, அடுத்து மேல், கடைசியில் கீழ்."
"வேண்டாம். இரண்டாவது சீட்டு விழும்வரை
நீ என்ன சொல்ல வருகிறாய் என்றே தெரியாது.
அப்படி ஒரு ஆளோடு பதினோரு வருஷம் குடித்தனம் நடத்தியாயிற்று."
அந்தக் கட்டத்தை வெற்றாக விட்டோம்.

ஏஸும் ராஜாவும் சேர்ந்தே இருந்தால்?
ராஜா, என்றது என் வாய்.
எவ்கேனியூஷோடு இருபத்திரண்டு வருஷமும் ராஜாதான்.
அவன் இப்போது ஷ்செச்சினில், மகன் வீட்டில்,
கணினியில் முகம் தெரியாதவர்களோடு ஆடுகிறான்.
ஏஸ், என்றாள் இவள்.
ராஜா விழுந்தால் அடியில் ராணி என்று நான் நம்புவேன்.
ராஜாவும் அதன்பின் ஏஸுமாக விழுந்தால்
உன்னிடம் அந்த இரண்டே இரண்டுதான் என்று நம்புவேன்.
சரி என்றேன். எழுதினாள். அழுத்தி எழுதினாள்.

மூன்றாவது மேசை. நாலு ஸ்பேட்.
ஆடுபவர் திரோஸ்த், ஓய்வுபெற்ற வரி அதிகாரி.
என் கையில் ஆட்டின் ஏஸ், ராஜா, ஏழு.
ஏஸ் ஏஸ் என்று சொல்லிக்கொண்டே
ராஜாவை வைத்தேன்.
வைத்த சீட்டு வைத்ததுதான்.
பிடி எங்களுக்கு. இனி ஏஸைப் போடாமல் எங்கே ஒளிக்க?

திரோஸ்த் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
ஹால்ஷ்காவைக் கேட்டார்:
"ராஜா, பிறகு ஏஸ். என்ன அர்த்தம்?"
"இரண்டே சீட்டு."
அட்டையில் இருந்ததைச் சொன்னாள். உண்மையைத்தான் சொன்னாள்.
என் ஏழு மட்டும் விரலிடுக்கில் வியர்த்தது.
நான் வாய் திறக்கக் கூடாது என்பது விதி.
விதி இல்லாதிருந்தால் திறந்திருப்பேனா,
அதை யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

டைமனில் ஒன்றைக் கொடுத்தார்.
துருப்பை உருவி எடுத்தார்.
கண்ணை மூடிக் கூட்டினார்:
இவனுக்கு ஆட்டின் இரண்டு, ஸ்பேட் இரண்டு,
ஆகக் கிளாவர் நீளம் இவனிடம், ராணியும் இவனிடம்.
மூன்றாவது ஆட்டினை வெட்டிச் சரிபார்த்திருக்கலாம்.
ஹால்ஷ்கா சொன்னதே போதும் என்று விட்டுவிட்டார்.
கிளாவர் ஜாக்கியை என் பக்கம் குறிவைத்து ஓட்டினார்;
ராணி எழுந்து வந்தாள்
ஹால்ஷ்காவின் கையிலிருந்து.

ஒரு பிடி குறைவு.
கடைசியில் ஏழு மேசைக்கு வந்தபோது
திரோஸ்த் அதையே பார்த்தார்.
நடுவர் வந்தார், அட்டையைத் திருப்பினார்:
விளக்கம் சரி, தப்பு அவன் விரலுடையது, முடிவு நிற்கும்.
அந்த மாலையில் எங்களுக்கு அதுதான் முதல் லாபம்.

இடைவேளை. காப்பி இயந்திரம் சில்லறையை விழுங்கிவிட்டுச் சும்மா நின்றது.
"அவர் ஏமாந்தார், போகட்டும்.
நானும்தானே உன்னை எண்ணிக்கொண்டிருந்தேன், இரண்டு இரண்டு என்று."
ஹால்ஷ்கா பென்சிலைத் திருப்பி
ஏஸை அழித்தாள், காகிதம் பஞ்சாகும்வரை.
அதன்மேல் ராஜா என்று எழுதினாள்.
"உன் விரலைத் திருத்த எனக்கு நேரமில்லை, ஸெனோன்.
ஆனால் இந்தக் கட்டம் என்னுடையது.
கையில் ஒன்றுமில்லையா,
முதல் சீட்டிலேயே சொல்லிவிடு. எட்டைப் போடு."

எழுதத் தொடங்கினாள், எட்டு என்ற எண்ணை.
மேல் வட்டம் முடிந்ததும் மணி அடித்தது.
அடுத்த மேசையில் உட்கார்ந்த பெண்மணி
எங்கள் அட்டையை எடுத்து நிதானமாகப் படித்துவிட்டு,
இதென்ன சைபர், என்று கேட்டாள்.