ஒரு விளக்கு குறைவாக

மூடியைத் திறந்தபோது
உள்ளே ஒரு கரப்பான்பூச்சி, காய்ந்து,
சூட்டுக்கு வந்து ஒண்டியது போல.
ஊதித் தள்ளினேன்.
சயான் முழுக்க மழை. முதல் மாடி.
ஜன்னலுக்குக் கீழே பஸ் நிறுத்தம்.

இந்த ரௌட்டருக்கு ஞாபகம் மொத்தம் நான்கு எம்பி.
தான் யார் என்று தெரிந்துவைத்திருக்கவே
அது சரியாய்ப் போகிறது.
கரண்ட் போய் வந்தால்
யாராவது நேரம் சொல்லும்வரை
அதற்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, ஜனவரி ஒன்று.
என் அம்மாவே பிறந்திருக்கவில்லை.
ஜூலை மாதம் முழுக்க
தினம் நாலைந்து முறை அந்தப் புத்தாண்டைக் கொண்டாடினோம்
நானும் அதுவும்.

லேமிங்டன் ரோட்டில் கடைக்காரர் கேட்டார்:
இதுக்குப் போய் மெமரி கார்டா?
இன்னும் ஐந்நூறு போட்டால் புதுசே வருமே மேடம்.
சொல்லிக்கொண்டே
சாக்குக்குள் கைவிட்டு
பழைய ஃப்ளாப்பி கேபிள் ஒன்றை உருவிக் கொடுத்தார்.
அதன் வாயில் கார்டு கச்சிதமாக உட்காரும் என்று
அவருக்கும் தெரிந்திருக்கிறது.
காசு வாங்கவில்லை.

ஆறு கம்பி.
மின்சாரத்துக்கு ஒன்று, தரைக்கு ஒன்று,
போக ஒன்று, வர ஒன்று,
தாளம் தட்ட ஒன்று,
‘உன்னைத்தான்’ என்று கூப்பிட ஒன்று.
பலகையில் இதற்கென்று யாரும் இடம் விட்டுவைக்கவில்லை.
விளக்குக்குப் போகிற வழியில்தான்
குறுக்கே புகுந்தாக வேண்டும்.
பாதி நொய் அளவில் ஒரு புள்ளி,
அதன்மேல் ஒரு சொட்டு ஈயம்.
முதல் தடவை வழுக்கியது.
இரண்டாம் தடவை விரலைச் சுட்டுக்கொண்டேன்.
மூன்றாவதில், நான் வேறெதையோ யோசித்திருந்தபோது,
பிடித்துக்கொண்டது.

திருகி முடித்த பிறகு பார்த்தேன்,
இடக்கோடி விளக்கு எரியவில்லை.
இனி எரியாது.
அந்த வழியாகத்தான் ஞாபகம் போய்வருகிறது.

கார்டில் பாட்டு வைக்கலாம், படம் வைக்கலாம்.
நான் வைத்தது வருகைப் பதிவு.
யார் வந்தார், எப்போது, எவ்வளவு நேரம்.
என் கைபேசி. என் லேப்டாப்.
மேல்வீட்டு கார்கானிஸின் டிவி
(அவருக்கு பாஸ்வேர்டு கொடுத்த நினைவே எனக்கில்லை).
பிறகு, ஞாயிறு தவிர,
மாலை ஏழு இருபதை ஒட்டி
‘அமலி சிவப்பு’.

பதினோரு விநாடி.
ஒன்பது விநாடி.
வியாழக்கிழமை நாற்பத்திரண்டு.
சிக்னல் விழுந்திருக்கும்.

அட்வான்ஸ் பதினோராயிரத்துக்காகச் சண்டை போட்டு
குக்கரைத் தூக்கிக்கொண்டு போனவள்.
வெயிட்டை மறந்துவிட்டாள்.
அவள் வீட்டிலும் சோறு வெந்திருக்காது, என் வீட்டிலும்.
பாஸ்வேர்டு அவள் வைத்ததுதான்:
நெத்திலி, பக்கத்தில் வீட்டு எண்.

அவளுக்குத் தெரியாது.
பஸ் நிற்கும்போது
பையின் இருட்டில் அந்தச் சிவப்புப் போன்
தலையைத் தூக்கி, பழைய கதவைத் தட்டி,
நெத்திலி என்கிறது.
இதுவும் என்னைக் கேட்காமல்
வா என்கிறது.
இரண்டு வருஷமாக நடந்திருக்கலாம்.
எல்லா விளக்கும் எரிந்த காலத்தில்
எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இன்று ஏழு பதினெட்டுக்கு ஜன்னலில் நின்றேன்.
பஸ் கண்ணாடி முழுக்க ஆவி.
உள்ளே குடைகள், முழங்கைகள்,
எல்லாரும் ஒரே நிறம்.
திரும்பி வந்து பதிவைத் திறந்தேன்.
பதினான்கு விநாடி.

கார்டில் இன்னும் இடம் கிடக்கிறது.
இந்த வேகத்தில் எழுதினால்
எங்கள் இருவர் ஆயுளையும் தாண்டும்.
வெயிட்டைப் புளிபோட்டுத் தேய்த்துவைத்திருக்கிறேன்.
நாளை அதைப் பையில் போட்டுக்கொண்டு
ஏழேகாலுக்குக் கீழே நிற்கலாம்,
மழை விட்டால்.