வியாழக்கிழமைக் காற்று

சனிக்கிழமை போட்டி.
ஒன்பது நாளாய்க் கொலம்பியா ஆறு
இஸ்திரி போட்ட வேட்டிபோல் கிடந்தது.
அப்போதெல்லாம் என் அட்டவணையில் ‘கடும் பயிற்சி’.
அசையாத தண்ணீரில் தோள் எரிய எரியத்
துடுப்பு போட்டேன்.
இன்று ‘ஓய்வு’ என்று எழுதியிருந்தது.
இன்றைக்குத்தான் மேற்கிலிருந்து
பள்ளத்தாக்கை அடைத்துக்கொண்டு வந்தது காற்று.

ஆறு கடலுக்குப் போகிறது.
காற்று ஆற்றுக்கு எதிரே ஏறுகிறது.
இரண்டும் வழிவிட மறுக்கிற இடத்தில்
எழுந்து நிற்கிறது அலை.
அதன் முதுகில் ஏறி வீடுவரை வரலாம்.
இந்த வருஷத்தில் இப்படியொரு நாள் வரவில்லை.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள்.
தூற்றித் தூற்றிக் கை விட்டுப்போனால்
சனிக்கிழமை முறத்தை யார் பிடிப்பது,
அதைச் சொல்லமாட்டார்கள்.

வியென்டோ கரையில்
(எங்கள் அம்மாவின் மொழியில் அந்தப் பெயருக்கே காற்று என்று பொருள்)
வெஸ் இமாய் படகை இறக்கிக்கொண்டே சொன்னான்:
“ஒரே ஒரு ஓட்டம், டெல்ஃபினா. மெதுவாக.”

மெதுவாக!
பின்னால் வரும் அலை படகின் பிட்டத்தைத் தூக்கும்போது
மெதுவாகப் போன ஒருவரை
நான் இதுவரை பார்த்ததில்லை.

வேனின் சாவியை நானே கேட்டு வாங்கினேன்.
ஐந்து பேர் தண்ணீரில்.
காலி வண்டியை ஹூட் ரிவருக்கு ஓட்டிப்போய்
அவர்களைக் கூட்டிவர ஒருத்தி.
உள்ளங்கையில் நான்கு காய்ப்புகள்
ஸ்டியரிங்கைத் துடுப்பென்று நினைத்து
இறுக்கிப் பிடித்திருந்தன.
பிரேக்குக்குப் பக்கத்தில் என் கால்
சுக்கான் மிதியைத் தேடியது.

என் பக்கத்து ஜன்னலில் ஆறு.
ஒரு சரக்கு ரயில் மறைத்தது, மறைத்துக்கொண்டே இருந்தது,
விலகியபோது வெஸ் தெரிந்தான்.
மூன்று போட்டான்.
நிறுத்தினான்.
துடுப்பு தண்ணீருக்கு ஒரு சாண் மேலே
சும்மா நின்றது.
படகு ஓடியது.
மறுபடி மூன்று.
அவன் பக்கத்தில் நூறு முறை போயிருக்கிறேன்,
அவன் நிறுத்துவதைப் பார்த்ததேயில்லை.
நான் நிறுத்தியிருந்தால்தானே பார்த்திருப்பேன்.

இதிலிருந்து ஏதோ கற்றுக்கொண்டேன் என்று
எழுதத்தான் ஆசை.
உண்மையில் வந்தது பொறாமை.
நெஞ்சு வரைக்கும், பச்சையாக.
பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

வீட்டில் ஓய்வு என்னைத் தின்றது.
மூன்று மாதம் வாயைத் திறக்காத இடது மணிக்கட்டு
இப்போது பேச ஆரம்பித்தது.
தொண்டையில் ஒரு கரகரப்பு.
சூடு பார்த்தேன், இல்லை.
மறுபடி பார்த்தேன்.
கால் நீட்டிப் படுத்தேன்.
எழுந்து படகைத் துடைத்தேன்,
ஏற்கெனவே துடைத்த படகை.

எட்டு மணிக்கு யெசேனியா வந்தாள்.
செர்ரி பொறுக்கும் ஷெட்டில்
கன்வேயர் முன்னால் பதினோரு மணி நேரம் நின்ற அக்கா.
அறுவடை வாரம்;
நானும் அங்கேதான் நின்றிருக்கவேண்டும்.
“ஓய்வெடுக்கவா லீவு போட்டாய்?” என்றாள்.
கோபமில்லை. ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்,
வீங்கிய கணுக்காலைப் பார்த்துக்கொண்டு.
எனக்குப் பதில் வரவில்லை.
ஒரு பக்கெட்டில் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.
பயிற்சி அட்டவணையில் அது எந்தக் கணக்கில் சேரும், தெரியாது.

இரவெல்லாம் மரங்களைப் பிடித்து
ஆட்டிக்கொண்டிருந்தது காற்று.
கூரை முனகியது.
எல்லாம் இன்றைக்கே தீர்ந்துபோகும்,
சனிக்கிழமைக்கு மிச்சம் வைக்காது என்று தோன்றியது.
கண்ணை மூடினால் அலை,
திறந்தால் அலை.

சமையலறையில் யெசேனியா
அடிபட்ட செர்ரிகளைத் தின்று
கொட்டையைக் கிண்ணத்தில் துப்பிக்கொண்டிருந்தாள்.
டிங். டிங். டிங்.
நிறுத்தம்.
டிங். டிங். டிங்.
அடுத்ததற்குக் காத்திருந்தேன்.

அதன் பிறகு நினைவில்லை.