கதவைத் திறக்காதே

தார்த்துவில் அன்றிரவு வெளியே மைனஸ் இருபத்து மூன்று.
மூன்றாம் மாடிக் குளிர்பெட்டிக்குள் மைனஸ் எண்பது.
பனி கனத்து மின்கம்பி அறுந்தபோது
இரண்டுக்கும் நடுவில்
நானும் ஒரு டார்ச் விளக்கும்.

ஊர்மாஸ் தொலைபேசியில் கத்தினான்:
"எல்லாவற்றையும் அள்ளிப்போய்ப் பனியில் புதை, ஹெல்வே!
நாடே ஒரு குளிர்பெட்டி, உனக்கென்ன கவலை?"
பனிக்குக் கணக்குத் தெரியாது என்றேன்.
விடிந்தால் வெயில் வரும். நரி வந்து முகரும்.
இருபத்து மூன்று ஒருநாளும் எண்பது ஆகாது.
மூடிய பெட்டி தன் குளிரைத் தானே அடைகாக்கும்.
கோழியை எழுப்பாமல் இருந்தால் போதும்.

உள்ளே என்ன இருக்கிறது?
பொட்டலத்தைப் பிரித்த சுங்கக்காரரும் இதையே கேட்டார்,
குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து.
கண்ணாடிச் சுவரில் மூச்சுப் படிந்தது போல ஏதோ ஒன்று,
அதுவும் இருக்கிறதா இல்லையா என்று.
முப்பத்தொன்பது மணி கோத்த மாலை ஐயா,
உடம்புக்குள் போனால் அதற்கு ஒரே ஒரு சொல்தான் தெரியும்:
போதும்.
அவர் படிவத்தில் 'காலிக் குப்பிகள்' என்று எழுதிக்கொண்டார்.

சொல்தான், ஆனால் ஊசிப்போகிற சொல்.
வெளிச்சம் ஆகாது, ஈரம் ஆகாது.
கரைத்தபின் சிறுசிறு பங்காகப் பிரித்து வைக்கவேண்டும்,
ஒரு பங்குக்கு ஒரே ஒரு விடியல்.
உருக்கி, உறையவைத்து, மறுபடி உருக்கினால்
மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிதட்டி
வாய் குழறும்.

போன இலையுதிர்காலத்தில் அப்படித்தான் ஆனது.
ஊசி போட்ட எலிகள் தின்றன.
போடாத எலிகளும் தின்றன.
எல்லாம் ஒரே மாதிரி கொழுத்தன.
இரண்டு மாதம் வெள்ளைப்பலகை முழுக்க அம்புக்குறிகள்,
ஏற்பியில் கோளாறா, எலியின் இனத்தில் கோளாறா,
பேராசிரியர் புதிதாக ஒரு கொள்கையே கண்டுபிடித்துவிட்டார்.
குளிர்பெட்டியை யாரும் கேட்கவில்லை.
நான்தான் கடைசியில் பதிவேட்டைப் புரட்டினேன்:
ஒரே குப்பி, ஆறு தேதிகள்,
அர்த்யோமின் குண்டு குண்டான கையெழுத்து.
மறைக்கவில்லை, பாவம். ஒவ்வொரு முறையும் எழுதியிருந்தான்.
படிக்கத்தான் ஆளில்லை.

மணி ஒன்று. மைனஸ் எழுபத்தாறு.
கம்பளிக் கோட்டைப் பெட்டியின் மேல் போர்த்தினேன்,
அதற்குப் பயனுண்டா தெரியாது.
இரண்டு. எழுபத்திரண்டு.
கை தானாகக் கைப்பிடிக்குப் போகிறது,
ஒரே ஒரு முறை பார்த்துவிடலாம் என்று.
கையைக் கூப்பிட்டு ரொட்டி வெட்டச் சொன்னேன்.
கருப்பு ரொட்டி, உப்பு மீன்.
நாலாவது துண்டு.
அந்த ஒரு சொல் என் வயிற்றுப் பக்கம் வரும் வழியில்
எங்கோ தங்கிவிட்டது போல.
மூன்றரை. அறுபத்தேழு.

நாலே முக்காலுக்கு விளக்கு வந்தது.
பெட்டி முதலில் இருமியது,
பிறகு முனகிக்கொண்டே வேலையைத் தொடங்கியது.
அறுபத்து மூன்று.
நான் அழவில்லை. மூக்கு ஒழுகியது, குளிர்.

காலையில் ஒரே ஒரு குப்பியை எடுத்தேன், சோதிக்க.
எடுத்ததும் திறக்கக்கூடாது.
சில்லிட்ட குப்பியின் மூடியைக் கழற்றினால்
அறையின் ஈரமெல்லாம் கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி
முண்டியடித்து உள்ளே போகும்.
உலர்கலனில், ஆரஞ்சு நிறச் சிலிக்கா மணிகளுக்கு மேலே,
அதை உட்கார வைத்தேன்.

அர்த்யோம் வந்தான். தொப்பியில் பனி.
இரவு நடந்ததை யாரோ சொல்லியிருக்கவேண்டும்.
"இன்னும் எவ்வளவு நேரம்?"
பதினொரு நிமிடம் என்றேன்.
அவன் பேனாவை எடுத்துப் பதிவேட்டில் தேதி எழுதினான்.
பக்கத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தான்.
படித்தேன், சத்தமாக, எண் உட்பட.
பிறகு இருவரும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
கடைசித் துண்டு ரொட்டி மேசையில் இருந்தது.
கேட்காமலே எடுத்துத் தின்றான்.