ஐந்தாவது கட்டம்

ஞாயிறு காலை ஆறே முக்கால்.
உப்பளம், பழைய துறைமுகச் சாலை.
பதினொரு வண்டிகள்,
அதில் ஒன்பதுக்கு பானெட் திறந்திருக்கிறது
பல் டாக்டர் முன்னால் போல.

பதிவேடு என் கையில்.
மற்ற ஆறு நாள் நான் இன்சூரன்ஸ் சர்வேயர்,
நசுங்கிய கதவுகளுக்கு விலை சொல்கிறவள்.
என் அலுவலகக் கணக்கில்
இங்கே நிற்கிற எதுவும்
ஒரு புதுச் சைக்கிள் விலை பெறாது.
இவர்களிடம் அதைச் சொன்னதில்லை.

பெயர், ஊர், எண், வருஷம்.
ஐந்தாவது கட்டம்: வகை.
அங்கேதான் வாராவாரம் பேனா நின்றுபோகும்.

"முப்பதாம் வருஷம் டிசம்பர் முப்பத்தொன்று,
நள்ளிரவோடு விண்டேஜ் முடிந்தது,"
என்கிறார் ரெமோன் அருளப்பன்,
கூடவே இருந்து கதவைச் சாத்தியவர் மாதிரி.
"ஐம்பது வயசு ஆனா போதும், சர்க்காரே சொல்லிட்டாங்க."
இது பரங்கிப்பேட்டை ஹபீப் மரைக்காயர்.
அவர் ஆஸ்டினுக்கு எழுபத்திரண்டு,
அவருக்கு அறுபத்தெட்டு.
"அப்ப நானும் விண்டேஜ்தான், எழுதிக்கம்மா."
"நீங்க வெறும் கிளாசிக்," என்கிறார் கஜபதி,
"முழங்காலுக்கு இன்னும் ஸ்பேர் கிடைக்குதே."

கஜபதியின் ஹெரால்டுக்கு இரண்டு கதவு.
ஆகவே கூப்பே என்பது அவர் கட்சி.
"கூப்பேன்னா வெட்டினதுன்னு அர்த்தம்.
உன்னுதுல எங்க வெட்டியிருக்கு? அது சலூன்."
"சலூனுக்கு முடி வெட்டப் போவாங்க."
"சரி, பெர்லின்னு வெச்சுக்க."
"அது ஊரு."

கூரை நீண்டு வால்வரை போனால்
பிரெஞ்சில் அதற்குப் பெயர் பிரேக்.
ரெமோனின் பெழோ ஒரு பிரேக்.
போன மாதம் சோனாம்பாளையம் சந்திப்பில்
அது ஓர் இளநீர் வண்டிமேல் போய் நின்றது.
"ஏய்யா, பிரேக் இல்லையா?"
"இதுவே பிரேக்தான்" என்றாராம்.
அடி விழாதது அந்தோணியார் புண்ணியம்.

கடல் இதற்குள் தலையிடாது.
உப்புக்காற்று எல்லாத் தகரத்தையும்
ஒரே வகையாகத் தின்னும்.

ஏழரைக்கு அது வந்தது, ஆவி கக்கிக்கொண்டு.
முன்னால் பார்த்தால் அம்பாசிடர், மார்க் டூ.
முதுகுக்குப் பின்னால் ஒன்றுமில்லை.
கடலூர் ஓ.டி.யில் யாரோ கேஸ் கட்டரால் அறுத்து
பலகை அடித்திருக்கிறார்கள்,
வெல்டிங் தழும்பு அப்படியே தெரிய.
தார்ப்பாய்க்குக் கீழே ஐஸ்,
ஐஸுக்குக் கீழே ஒரு ஓட்டலுக்கான வஞ்சிரம்.

"தண்ணி இருந்தா குடுங்கண்ணே, கொதிக்குது,"
என்று இறங்கினாள் அஞ்சலாட்சி.

பதினொரு வண்டிக்காரர்களும் சுற்றி நின்றார்கள்.
பிக்-அப் என்றது ஒரு குரல்.
ஷூட்டிங் பிரேக், என்றது இன்னொன்று, கொஞ்சம் கூச்சத்தோடு.
"கொலை," என்றார் ரெமோன்.
கஜபதி மட்டும் மெல்லச் சிரித்தார்:
"இதைவிட வெட்டினது எது சார்?
இதுதானே அசல் கூப்பே?"

ரெமோன் பதில் சொல்லவில்லை.
ஓடிக்கொண்டிருந்த எஞ்சினிடம் குனிந்து
காதை வைத்தார், வெகுநேரம்.
"டாப்பெட் யார் வைக்கிறது?"
"நான்தான்."
அவர் கைக்குட்டை எடுத்து
ரேடியேட்டர் மூடியைத் தானே திறந்தார்.

ஆர்.சி. புத்தகத்தில் எழுபத்தொன்று என்றிருந்தது.
மரைக்காயருக்கு ஒரு கூட்டாளி கிடைத்தார்.
வகை: எல்.எம்.வி.
என் ஆக்டிவா தவிர இங்கே எல்லாம் எல்.எம்.வி.தான்.

"நீங்க இத என்னான்னு சொல்லுவீங்க?" என்றேன்.
"பிளசரு," என்றாள், சட்டென்று.
"எங்க வூட்ல அப்டித்தான்.
பிளசர கழுவுனியா, பிளசருக்கு டீசல் போட்டியான்னு."

போய்விட்டாள்.
ஐஸ் தண்ணீர் சாலையில் கோடு கிழித்து
கலங்கரை விளக்கத்துப் பக்கம் திரும்பியது.
பன்னிரண்டாவது வரிசை, ஐந்தாவது கட்டம்,
ஆர்.சி.யைத் தொட்ட விரலின் மீன்வாசத்தோடு
எழுதினேன்: பிளசர்.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார் ரெமோன்.
"எழுத்து தப்பு. அது ப்ளெஸீர்,
எங்க வார்த்தை."
"எது, உங்க வார்த்தையா?"
என்று ஸ்பானரைக் கீழே வைத்தார் மரைக்காயர்.