ஓடிப்போனவன் கால்

ட்ரோன்ஹைமில் டிசம்பர் வந்தால்
மூன்று மணிக்குள் சூரியன் கடையைச் சாத்திவிடும்.
கீழ்த்தளத்தில் எனக்கு அது பொருட்டில்லை.
சுண்டெலிகளுக்கு நான்தான் பகலும் இரவும்.
பொத்தானை அழுத்தினால் விடியும்,
அணைத்தால் சக்கரங்கள் சுழலத் தொடங்கும்.

இருபது ஆண்கள்.
பத்துக்குச் சக்கரம் ஓடும்.
பத்துக்குப் பூட்டியிருக்கும்.
பூட்டிய சக்கரத்திலும் ஒன்று ஏறி
முன்னங்காலை வைத்து வைத்துப் பார்க்கும்.
அதன் கண்ணைப் பார்ப்பதை
இரண்டாம் வாரத்தோடு விட்டுவிட்டேன்.

ஓடுகிற எலி ஒரு ராத்திரியில்
ஐந்து கிலோமீட்டர் போகும், எங்கும் போகாமல்.
ஆறு வாரம் அப்படி.
பிறகு ஒரு பெண்ணோடு ஐந்து நாள்.
பிறகு ஆணை எடுத்துவிட வேண்டும்.
குட்டிக்கு அப்பாவின் வாசனைகூடத் தெரியக் கூடாது,
அப்போதுதான் கணக்கு சுத்தமாக இருக்கும்:
வளர்த்ததில் வந்ததா, வழியில் வந்ததா என்று
யாரும் குழம்ப மாட்டார்கள்.

கையுறை போட்டு நான்தான் எடுக்கிறேன்,
வாலின் அடியைப் பிடித்து.
ஒரு தகப்பனை அப்புறப்படுத்த
நாலு வினாடி போதும்.

என் அம்மா ரன்வைக் சொல்வாள்:
"அவன் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை, தோருன்.
சாப்பாட்டையும் நின்றுகொண்டேதான்."
எஸ்டன்ஸ்டா காட்டில், விளக்குக் கம்பங்களின் கீழே
பனிச்சறுக்குக் கட்டையோடு அலைந்தவன்.
ஒரு போட்டோ இருக்கிறது:
மார்பில் 212, தாடியில் உறைந்த எச்சில்.
நான் பிறக்க நாலு மாதம் இருக்கையில்
நார்விக்கில் ரயில்வே வேலை என்று கிளம்பினான்.
ஓடுகிறவன், ஓடிப்போகிறவன்,
நடுவில் ஒரு சொல்தான் இடைவெளி.
அம்மா அதை வாசிக்காமல் விட்டுவிட்டாள்.

ஓஸ்முண்ட் எங்கள் ஆராய்ச்சியாளர்.
விந்தணுவில் மரபணு மட்டும் போவதில்லை என்கிறார்.
கூடவே சின்னச் சின்ன ஆர்.என்.ஏ. துணுக்குகள்,
புத்தக ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதியது போல:
'இந்த இடத்தை வல்லினமாய் வாசி.'
"எலிக்குச் சரி, மனுஷனுக்கு?" என்றேன்.
தோளைக் குலுக்கினார்.
தெரியாது என்று சொல்லவே சம்பளம் வாங்குகிறவர்.

முப்பத்தொன்றாம் எண் குட்டி,
ஓட்டக்காரன் பெற்ற பிள்ளை.
ஓடுபட்டையில் விட்டேன்,
ஓரமாய் ஒதுங்கித் தூங்கிவிட்டது.
பதிவேட்டில் சுழியம் போட்டேன்.
ஓஸ்முண்டுக்கு வருத்தம்.
எனக்கு, சொல்லக் கூடாதுதான், கொஞ்சம் சந்தோஷம்.

மற்றவை ஓடின.
பூட்டிய சக்கரத்தின் பிள்ளைகள்
ஒவ்வொன்றாய் ஓய்ந்த பிறகும் ஓடின,
தாங்கள் கண்டிராத ஒருவனின் ராத்திரிகளை
இன்னும் செலவழித்துக்கொண்டு.

பிப்ரவரியில் ரோரஸுக்குப் போனேன்.
முதியோர் இல்லம், இரண்டாம் மாடி.
இரண்டு முழங்காலும் உலோகம்.
உட்கார்ந்திருந்தார்.
அம்மா பார்க்காததை நான் பார்த்தேன்.

"ஓடுவாயா?"
"இல்லை. நாள் முழுக்க நிற்பேன்."
"யாருக்காக?"
"எலிகளுக்காக."
அதற்குமேல் கேட்கவில்லை.
காபி ஆறியது. பிஸ்கட்டை என் பக்கம் நகர்த்தினார்,
பிறகு தன் பக்கம்.

வெளியே என் கார் பனியில் புதைந்திருந்தது.
செவிலிப் பையன் ஒருவனை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து
பின்னால் தோள் கொடுத்தேன்.
மூன்றாவது உந்தலில் ஏறிக்கொண்டது.

நிமிர்ந்தால், மாடிக் கண்ணாடியில் அவர்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
கெண்டைக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
வேறு யார் வீட்டுக் கடிதத்திலோ
தன் கையெழுத்தைக் கண்டுவிட்டவர் மாதிரி.

அல்லது காரையாக இருக்கலாம்.
கண்ணாடியில் அவர் மூச்சு படிந்துவிட்டது.