கரண்ட் இல்லாமல் எவ்வளவு

நேற்றுவரை பலகையில் எண்பத்தெட்டு.
ஈரத்துணியால் துடைத்தேன்.
மை போனது, நிழல் போகவில்லை.
நான்கு வருடம் ஒரே இடத்தில் இருந்த எண்
அவ்வளவு சீக்கிரம் எழுந்து போகுமா.

லிம் சூ காங் சாலை முடிவதற்குக் கொஞ்சம் முன்னால்
மீன் பண்ணை தாண்டி இடப்பக்கம்
சக்கரம் கழற்றிய நான்கு கேரவன்கள்.
ஒன்று பச்சை. ஒன்றுக்குக் கூரை ஒழுகும்.
மூன்றாவதன் கதவைத் தூக்கித்தான் திறக்க வேண்டும்.
நான்காவதில் எறும்பு.
"அதுங்ககிட்ட மட்டும் வாடகை வாங்குறதில்ல"
என்பார் காந்தரூபன், வருகிறவர்களிடமெல்லாம்.
முன்பு உடனே சிரிப்பார்கள்.
இப்போது பலகையைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்கள்.

கேஸ் கொண்டுவரும் ஆ ஹுவாட்
"லாரி இவ்வளவு தூரம் வரணுமே" என்று
ஆறு வெள்ளி கூட்டினார்.
போன மாதமும் இதே தூரம்தான்.
கழிவுத்தொட்டி உறிஞ்சும் வண்டி, கொசுமருந்து, தண்ணீர்,
விரிப்பு வெளுக்கும் கடை,
குத்தகை இனி மூன்றாண்டுதான் என்று வந்த கடிதம்.
எல்லாரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கூட்டினார்கள்.
நானும் ஒரு மன்னிப்பு எழுதத் தொடங்கி
'தவிர்க்க முடியாத' என்ற சொல்லில் நின்றுவிட்டேன்.
அது எங்களுக்கு வந்த கடிதங்களின் சொல்.

அவர் நூற்று இருபது என்றார். நான் நூறு என்றேன்.
தேக்காவில் முருங்கைக்காய்க்குப் பேசுவதுபோல்தான்,
கடைக்காரரும் நாங்களே என்பதைத் தவிர.
நூற்றுப் பத்து.

வெள்ளிக்கிழமை மாலை மெய்ஞானம் வந்தார்.
துவாஸில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர்.
ஒவ்வொரு ஜூன் விடுமுறைக்கும்
மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு ஐஸ் பெட்டி.
"நாங்க வெளிநாடு போறோம்" என்று
சின்னவன் பள்ளியில் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.
இரவில் ஜொகூர் விளக்குகள் தெரிவதால்
முழுப்பொய் என்றும் சொல்ல முடியாது.

பலகையைப் பார்த்தார்.
நூற்றுப் பத்தையும் படித்தார்,
அதற்கடியில் கிடந்த எண்பத்தெட்டையும் படித்தார்.
பிள்ளைகள் அதற்குள் மூன்றாம் எண் கதவைத்
தூக்கத் தொடங்கிவிட்டார்கள்.
அவர்களுக்கு அந்த வித்தை தெரியும்.

"அக்கா, கரண்ட் இல்லாம எவ்வளவு?"

யாரும் இப்படிக் கேட்டதில்லை.
குளிர்சாதனம், விளக்கு, தண்ணீர் சுட வைக்கும் கெண்டி,
ஒவ்வொன்றாய் மனதுக்குள் கழித்தேன்.
தகரம் மிஞ்சியது, மெத்தை மிஞ்சியது,
சன்னல் அளவுக்கு வானம்.
வானத்துக்கு இதுவரை எந்த ரசீதும் வரவில்லை.
"எண்பத்தெட்டு" என்றேன்.
கணக்குப்படி தொண்ணூற்றாறு.
அது அவருக்கும் தெரிந்திருக்கும்,
பாரம் தூக்குகிறவருக்கு எடை தெரியாதா.
"தொண்ணூத்தி மூணா வச்சுக்குங்க" என்றார்.
மேல்நோக்கிப் பேரம் பேசிய ஒரே ஆள்.

இரவு மற்ற கேரவன்களில் குளிர்சாதனங்கள் இருமின.
மூன்றாம் எண் மட்டும் இருட்டு.
காந்தரூபன் எழுந்து போய்
மின்மானிப் பெட்டியில் டார்ச் அடித்துவிட்டு வந்தார்.
என்னிடம் எதுவும் சொல்லவில்லை.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்ததில் தெரிந்தது.

பதினொரு மணிக்கு அங்கிருந்து பெண்பிள்ளையின் குரல்:
"அப்பா, இன்னும் எவ்வளவு நேரம் இருட்டா இருக்கலாம்?"
"விடியுற வரைக்கும்."
"எக்ஸ்ட்ரா காசு இல்லையா?"
"இல்ல."
அப்புறம் ஒரு நீண்ட சத்தமில்லாமை.
உடும்பு ஒன்று சருகில் நடந்தது.

காலையில் பச்சைக் கேரவன் தம்பதி
கறுப்புக் காப்பியோடு என்னிடம் வந்தார்கள்.
இரவு அந்த ஒன்று மட்டும் இருட்டாய் இருந்ததே,
நட்சத்திரம் பார்க்கத் தனிப் பேக்கேஜா?
அடுத்த மாதம் எங்களுக்குக் கிடைக்குமா?
கொஞ்சம் கூட இருந்தாலும் பரவாயில்லை.

காந்தரூபன் என்னைப் பார்த்தார்.
அவர் உதட்டில் ஒரு எண் ஏற்கெனவே இருந்தது.
நான் மார்க்கர் மூடியைத் திறந்தேன்.
வெயிலில் மை காய்ந்துகொண்டிருந்தது.
அந்தப் பக்கம் மெய்ஞானம்
விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார்,
மூலைக்கு மூலை சரியாக,
வெளுக்கப் போடவே தேவையில்லாதபடி.