மூக்கு

நிரல் எழுதத் தெரியாது அவளுக்கு.
வரையவும் வராது.
பலகையில் அவள் போட்டுக் காட்டிய டிராம்
கால் முளைத்த சோப்புப்பெட்டி.
பின்னே எதற்குச் சம்பளம் என்று
குந்தார்ஸிடம் கேட்டே விட்டேன்.
"டாக்னியா நம் புராடக்ட் மேனேஜர், ரைவிஸ்."
பெயரைக் கேட்கவில்லை, வேலையைக் கேட்டேன்.
அவர் காபியைக் கலக்கினார்,
சர்க்கரை போடாத காபியை.

முதல் மூன்று மாதம் எல்லோருக்கும் சரி என்றாள்.
மாநகராட்சி வானிலை கேட்டது. சரி.
விளம்பரத்தில் பைபா
பத்துப் பயணத்துக்கு ஒரு பன் இலவசம் என்றாள். சரி.
ஓட்டுநர் சங்கம் பிறந்தநாள் வாழ்த்து கேட்டது. சரி, சரி.
ஒவ்வொரு சரிக்கும் ஒரு விரற்கடை இறங்கி
டிக்கெட் வாங்கும் பொத்தான்
திரையின் அடியில்
நனைந்த கோழிக்குஞ்சாய் ஒடுங்கிக்கொண்டது.
லியெபாயாவில் டிராம் தடம் ஒன்றே ஒன்று.
அதற்கு நாங்கள் ஏழு திரை வைத்திருந்தோம்.

ஜனவரியில் எண்கள் சரிந்தன.
வாங்க வருகிறார்கள், வாங்காமல் போகிறார்கள்.
பதிவேட்டில் விநோதமான தொடுகைகள்,
விரலைவிட அகலம்,
பொத்தானைச் சுற்றிச் சுற்றி விழுந்தவை.
கருவிக் கோளாறு என்று எழுதி மூடினேன்.
அவள் திறந்தாள்.
மூடினேன்.
மறுபடி திறந்து கீழே ஒரு வரி சேர்த்திருந்தாள்:
நாளைக் காலை ஆறே முக்கால், கடல்பக்க நிறுத்தம்,
கையுறை போட்டுக்கொண்டு வா.

மைனஸ் பதினான்கு.
காதைத் திருகிப் பேர் கேட்கும் கடற்காற்று.
கேள்வித்தாள் கொண்டுவருவாள் என்று நினைத்தேன்.
ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை.
நின்றாள்.
உலகத்தில் வேறு வேலையே இல்லாதவள்போல்
அப்படி ஒரு நிற்றல்.

மீன் ஆலைக்குப் போகிறவர் ஒருவர்,
ஒரு கையில் வாளி, மறு கையில் கைபேசி.
கையுறையைப் பல்லால் இழுத்துப் பார்த்தார், வரவில்லை.
சுற்றுமுற்றும் பார்த்தார்.
கைபேசியை முகத்தருகே உயர்த்தி
மூக்கால் அழுத்தினார்.
தவறிற்று.
மறுபடி.
பன் படம் திறந்தது.
அப்போது அவர் சொன்னது ரஷ்ய வார்த்தை,
இதைச் செய்தவனின் பரம்பரை முழுதும் அதில் அடக்கம்.
செய்தவன் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன்.
டிராம் போயிற்று.

டாக்னியா சிரிக்கவில்லை,
என்னையும் சிரிக்க விடவில்லை.
பேனா உறைந்துவிட்டதால் பென்சிலால்
ஒரே ஒரு சொல் குறித்துக்கொண்டாள்.
அன்று மொத்தம் ஐந்து மூக்குகள்.
ஐந்தாவது என்னுடையது,
நானும் அலுவலகம் போக வேண்டுமே.

செவ்வாய்க் கூட்டத்துக்கு முன்
ஒவ்வொருவர் அறைக்கும் தனித்தனியே போய்வந்தாள் என்பது
பிறகுதான் தெரிந்தது.
கூட்டத்தில், "பன்னுக்குச் சரி சொன்னது நான்.
அது என் தப்பு" என்று ஆரம்பித்தாள்.
பிறகு முதல் 'இல்லை'.
நன்றாக வரவில்லை,
'இ' வெளியே வந்து 'ல்லை' தொண்டையில் நின்றது.
இரண்டாவது பரவாயில்லை.
மூன்றாவதுக்கு நாற்காலிகள் நகர்ந்தன.
வானிலையில் தோற்றாள்,
பணம் மாநகராட்சியுடையது.
பைபா ஈஸ்டர் வரைக்கும் அவளோடு பேசவில்லை.
இரவு வெகுநேரம் அவள் மேசை விளக்கு எரிந்தது.
இணையத்தில் படித்து வாங்கிய மூன்று சான்றிதழ்
கோப்பைக்கு அடியில் வட்டம் வட்டமாய்க் கறைபட்டுக் கிடந்தன.

நான் எழுதியது பதினோரு வரி.
அழித்தது இரண்டாயிரம்.
இத்தனை சுகமாய் நான் எதையும் அழித்ததில்லை,
அவளிடம் இதைச் சொல்லவில்லை.

பிப்ரவரியில் மறுபடி அதே நிறுத்தம், அதே வாளி.
உள்ளங்கை அகலப் பொத்தானை
மனிதர் பழக்கத்தில் மூக்காலேயே தொட்டார்.
முதல் தொடுகையில் டிக்கெட்.
திரையைச் சட்டைக்கையில் துடைத்துக்கொண்டு ஏறினார்,
எங்களை ஏறிட்டும் பாராமல்.

அவ்வளவுதான், போகலாம் என்றேன்.
அவள் அசையவில்லை.
கதவு மூடும் டிராமைப் பார்த்தபடி,
"அந்த வாளியை உள்ளே எங்கே வைக்கிறார்,
கவனித்தாயா?"

கழற்றிய கையுறையை
மறுபடி மாட்டிக்கொண்டேன்.